ஒரு துளை, இரண்டு துப்பாக்கிகள்

பெர்னடின் குபேனாவின் பல்செட் பன்றிக்குழியில் விழுந்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது.

மே மாதம், புல் அறுப்புக் காலம். டெக்சஸில் அந்த மாதத்து வெயில் காலை ஒன்பது மணிக்கே கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன்பே ஓடைப் பக்கத்து நிலத்தை முடித்துவிடலாம் என்று பெர்னடின் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனாள். முந்தின வாரம் வரை பாய் விரித்தாற்போல் இருந்த புல்வெளி அது. ஓடையோரமாக வளைத்துத் திருப்பும்போது முன்சக்கரம் தொபுக்கென்று உள்ளே இறங்கியது. ஒரு பன்றிக் கூட்டம் வந்து, கிழங்கு தோண்டுகிறவன்போல் வரிசையாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. டிராக்டர் குலுங்கிய குலுக்கலில் "யேசுவே!" என்று வாயைத் திறந்தாள். யேசு உள்ளே வந்தாரோ இல்லையோ, மேல்வரிசைப் பல்செட் வெளியே போய்விட்டது.

அறுபத்தொரு வயதுப் பெண்மணி, மண்டியிட்டு, பன்றி புரண்ட சேற்றில் கையை விட்டுத் தன் பல்லைத் தேடுவது அவ்வளவு கௌரவமான காரியமில்லை. கடைசியில் கிடைத்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்று அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவும்போதே முடிவும் எடுத்துவிட்டாள். இனி ஆல்வினை நம்பிப் பயனில்லை.

ஆல்வின் அவள் கணவன். கவுண்டி என்கிற அந்த மாவட்டத்துச் சாலைகளைச் சமப்படுத்தும் இயந்திரத்தை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவன். மத்தியானம் சாசேஜையும் முட்டைக்கோஸையும் தட்டில் போட்டுக்கொண்டு, "கவலைய விடு பெர்னி. என் முந்நூத்தெட்டு துப்பாக்கிய எடுத்துக்கிட்டு நான் போறேன்" என்றான்.

"போன மாசமும் போனே. அதுக்கு முந்தின மாசமும் போனே."

"போனேன்ல?"

"போனே. பன்னியும் வந்துச்சு. மரத்துல சாஞ்சு ஒரு தூக்கம் போட்டுட்டு நீயும் வந்தே."

"அன்னிக்குக் காத்து திசை மாறிடுச்சு."

"ஆமாமா, உன் கொறட்டைக்கே மாறியிருக்கும். இந்தா பாரு, எனக்குன்னு ஒரு துப்பாக்கி வாங்கப் போறேன். பன்னிக்கு எந்த அளவு தோட்டா சரிப்படும்னு மட்டும் சொல்லு, போதும்."

அந்த ஊரில் ஒரு மனிதனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆல்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். முந்நூற்றெட்டு என்பது என்ன, அது எத்தனை கெஜம் தாண்டியும் எப்படி நேராகப் போகும், ராணுவமே அதை எதற்காக நம்பியது, கடவுள் பன்றியைப் படைத்தபோதே அதற்கென்று மனதில் வைத்திருந்த தோட்டா எது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் முட்டைக்கோஸ் ஆறி அவலாகிவிட்டது. "மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான். முக்கியமா உன் தம்பி வச்சிருக்கானே, அது" என்று முடித்தான்.

அந்தத் தம்பி ஜெரோம், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். வீடு வீடாகப் போய் எரிவாயுத் தொட்டி நிரப்புகிற லாரி ஓட்டுகிறவன். அவன் கையில் இருப்பது முப்பது-முப்பது. கீழே நெம்புகோலை இழுத்துத் தோட்டா மாற்றுகிற பழைய ரகம். அப்பா வைத்துவிட்டுப் போனது. ஆல்வினும் ஜெரோமும் பேசிக்கொண்டு பல ஈஸ்டர்கள் ஆகிவிட்டன. அதற்கும் ஒரு பன்றிதான் காரணம்.

ஒற்றைக் காது ஆண்பன்றி ஒன்று அப்போது இதே நிலத்துக்கு வந்துகொண்டிருந்தது. கரடிக் குட்டி அளவு இருக்கும். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து போய் ஒரே சமயத்தில் சுட்டார்கள். பன்றி ஓடைப் புதருக்குள் ஓடியது. அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. என் தோட்டா பட்டுத்தான் ஓடையில் விழுந்து செத்தது என்றான் ஆல்வின். செத்தது வாஸ்தவம், ஆனால் என் தோட்டாவால், உன்னுடையது ஆகாசத்துக்குப் போனது என்றான் ஜெரோம். வாய் முற்றி, "உங்கப்பன் துப்பாக்கி பட்டாணி உடைக்கக்கூட ஆகாது" என்று ஆல்வின் சொல்லிவிட்டான். அப்பனை இழுத்தபிறகு என்ன பேச்சு? அன்றைக்கு நின்றதுதான். அதற்குப்பின் எது சொல்வதானாலும் நடுவில் பெர்னடின் வேண்டும். எதிரெதிரே நின்றாலும் "உன் தம்பிகிட்ட சொல்லு", "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்பார்கள். அவளும் ஊர்த் தபால்காரிபோல் அலுத்துப்போயிருந்தாள்.

துப்பாக்கி வாங்கப்போகிற சேதி வேலியைத் தாண்ட நேரமாகவில்லை. சாயங்காலமே ஜெரோம் வந்து படியில் ஒரு காலை வைத்து நின்றான்.

"அக்கா, முப்பது-முப்பது வாங்கு. புதருக்குள்ள, கிட்டக்க சுடுறதுக்கு அதை அடிச்சுக்க ஆள் கிடையாது. அப்பா அதுலதான் நம்மளுக்கு கறி போட்டாரு."

"அப்பா மான்தானேடா சுட்டாரு?"

"மான சுட்டது பன்னிய சுடாதா? உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, வேகமாப் போற தோட்டா எல்லாம் வேகமா வேற ஊருக்குத்தான் போகும்னு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் கூடத்தில் காபி குடிக்கும்போது பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பாப்பி விதை வைத்த கொலாச்சி பன்னைக் கடித்துக்கொண்டே ஆளாளுக்கு உபதேசம். காட்டெருமை சுடுகிற பெரிய குண்டுதான் சரி என்றார் ஒருவர். அதைச் சுட்டால் பன்றி விழுமோ இல்லையோ பெர்னடின் விழுந்துவிடுவாள் என்றார் இன்னொருவர். சின்னத் தோட்டா, ஆனால் சரசரவென்று இருபது முப்பது சுடலாம் என்றார் ஒரு கோழிப்பண்ணைக்காரர். "அது சுடுறது இல்ல, தண்ணி பாய்ச்சுறது" என்று அவர் மனைவியே சொன்னாள். பேச்சு உரத்ததும் பாதிரியார், பாவசங்கீர்த்தனத்துக்கு யாரோ காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் காபிக் கோப்பையோடு நழுவினார். யாரும் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை பெர்னடின் யாரிடமும் சொல்லாமல் நெல்டா வில்யாரியாலின் கடைக்குப் போனாள். நெல்டா துப்பாக்கியும் தூண்டிலும் கோழித் தீவனமும் ஒரே கூரையின் கீழ் விற்கிறவள். எந்த ரகம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

"எவ்வளவு தூரத்துல சுடப்போறீங்க?"

"புல்லுக்கட்டுக்குப் பின்னால உக்காந்தா ஓடைக்கரை தெரியும். கோவில் வாசல்லருந்து கல்லறைத் தோட்டத்துக் கேட் வரைக்கும் இருக்கும்."

"தோள் எப்படி இருக்கு?"

பெர்னடின் வலது தோளைத் தொட்டுக்கொண்டாள். போன வருஷம் மூட்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "சமையலுக்குத் தாங்கும். அடி தாங்காது."

நெல்டா அலமாரியிலிருந்து மெலிதான ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். இருநூற்று நாற்பத்து மூன்று. "இது தோளை உதைக்காது, தட்டும், அவ்வளவுதான். உதைக்கிற துப்பாக்கிய வச்சிருக்கிறவன் சுடறதுக்கு முன்னாலயே கண்ண மூடிருவான். வெளியில சொல்லமாட்டான்."

"பன்னிக்கு இது பத்துமா? ஊர்ல இத நரி சுடற துப்பாக்கின்னு சொல்வாங்களே."

"நல்ல கெட்டித் தோட்டாவா போட்டா பத்தும். ஆனா மான்னு நெனச்சுச் சுட்டீங்கன்னா எதுவும் பத்தாது. பன்னிக்கு இருதயம் கீழ இருக்கு, முன்னங்காலுக்கு நேரா. கிழட்டு ஆண்பன்னி தோள்ல கேடயம் மாதிரி ஒரு தோல் இருக்கும், அங்க போய் முட்டாதீங்க. கிட்டக்க வந்து அசையாம நின்னா காதுக்குப் பின்னாடி. எந்த அளவுத் தோட்டான்னு பன்னி கேக்காது பெர்னடின். எங்க பட்டுச்சுன்னு மட்டும்தான் பாக்கும்."

பெர்னடின் பணத்தைக் கட்டிவிட்டு வந்தாள். அடுத்த இரண்டு வாரம் தினமும் மாலையில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் மண்மேட்டில் காகிதத் தட்டுகளைக் குத்திவைத்துச் சுட்டுப் பழகினாள். முதல் நாள் மண்மேட்டுக்குத்தான் காயம். நாலைந்து நாளில் தட்டின் ஓரம் கிழிந்தது. அப்புறம் நடுவில் விழ ஆரம்பித்தது. ஆல்வின் பின்வாசலில் பீரோடு உட்கார்ந்து பார்ப்பான்.

"பல்லுக்குத்தற குச்சி" என்பான். "பெர்னி, பன்னிக்குக் கூச்சம் வந்து சிரிச்சே செத்துரும்."

"செத்தா சரி" என்று இன்னொரு தோட்டாவைப் போடுவாள்.

அவள் தனியாகப் போகிறேன் என்று சொன்ன விடியற்காலையில், ஆல்வின் முந்நூற்றெட்டோடு வீட்டுச் சின்ன லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்பிள்ளையை அப்படித் தனியாக அனுப்ப முடியாதாம். வேலிக்கதவுக்குப் போனால் அங்கே ஜெரோம் முப்பது-முப்பதோடு நிற்கிறான். கூடப் பிறந்தவளை அந்த மனுஷனை நம்பி அனுப்ப முடியாதாம். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெர்னடின் நடுவில்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, முழங்கால இந்தப் பக்கம் நீட்டவேணாம்னு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, முழங்கால வெட்டியா எறிய முடியும்னு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. இல்லாட்டி ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டு நான் மட்டும் போவேன்" என்றாள் அவள். அதன்பின் கொசுக்கள் மட்டும் பேசின.

ஓடைக்கரையில் வெள்ளை வெளிச்சம் பரவுகிற நேரத்துக்கு, மூவரும் உருண்டைப் புல்லுக்கட்டுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்துவிட்டார்கள். காற்று ஓடையிலிருந்து அவர்கள் பக்கம் வீசியது. முதலில் வாடை வந்தது, அப்புறம் உறுமல், அப்புறம் கூட்டம். பெண்பன்றிகள், கால்களுக்கிடையில் ஓடும் குட்டிகள், கடைசியில், கொஞ்சம் விலகி, கருகருவென்று பெரிய ஒன்று.

பெர்னடின் பெரியதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்த ஒரு கொழுத்த இளம் பெண்பன்றியைத்தான் பார்த்தாள். பெரியது தின்ன ஆகாது, நாறும்; இதில் சாசேஜ் போடலாம். பன்றி மண்ணைக் கிளறியது, நகர்ந்தது, முதுகைக் காட்டியது. அவள் காத்திருந்தாள். பக்கவாட்டில் திரும்பித் தலையைத் தாழ்த்திச் சற்றே நின்றபோது மூச்சைப் பாதி விட்டு, காதுக்குப் பின்னால் வைத்து, விரலை அழுத்தினாள். தோளில் யாரோ தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பன்றி கயிறறுந்த மூட்டையாக நின்ற இடத்திலேயே விழுந்தது. கால்கூட உதறவில்லை.

அடுத்த நொடியே இரண்டு பக்கமும் வெடித்தது. கூட்டம் சிதறி ஓடியது. பெரியது மட்டும் வேலிவரை ஓடி, கம்பத்தில் மோதி, பக்கவாட்டில் சாய்ந்தது.

"விழுந்துருச்சு! நான்தான்!" என்று ஆல்வின் எழுந்தான்.

"நான்தான்!" என்று ஜெரோம் எழுந்தான்.

இரண்டு பேரும், அறுபதை எட்டுகிற வயதில், சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினார்கள். பெர்னடின் தன் பன்றியைக் குனிந்து பார்த்து, குழலைக் காலி செய்துவிட்டு, நிதானமாகப் பின்னால் நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது சண்டை நின்றிருந்தது. இருவரும் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பன்றியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்றிக்கு ஒற்றைக் காது.

"ரெண்டு பேரும் கொன்னு ஓடையில போட்ட பன்னியாச்சே இது" என்றாள் பெர்னடின்.

"இது வேற" என்றான் ஆல்வின்.

"இது வேற" என்றான் ஜெரோம், அதே மூச்சில்.

பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆனால் ஒற்றுமைக்கு ஆயுள் குறைவு. பன்றியின் விலாவில் இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை; ஒரே தோட்டா உள்ளே போய் வெளியே வந்திருந்தது. இன்னொன்று எந்தக் கவுண்டியில் விழுந்ததோ தெரியாது. ஆல்வின் பையிலிருந்து தன் தோட்டா ஒன்றை எடுத்து அதன் முனையைத் துளையில் வைத்துப் பார்த்தான். "பாரு, அளவெடுத்துத் தச்ச மாதிரி." ஜெரோம் தன்னுடையதை எடுத்து வைத்தான். அதுவும் அளவெடுத்துத் தைத்த மாதிரியேதான் இருந்தது.

பெர்னடின் இரண்டையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பித்தளைக் கூடு வேறு வேறு. ஒன்றின் மூக்கு கூர், மற்றது சப்பை. ஆனால் மூக்குக்குக் கீழே, ஈயத்தின் தடிமன்?

"ரெண்டும் ஒரே தடிமன்தானா?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தொப்பியைச் சரிசெய்தார்கள்.

"கேக்கறேன்ல?"

"முப்பதுன்னாலும் முந்நூத்தெட்டுன்னாலும் அதேதான்" என்று ஜெரோம் முனகினான். "தடிமன் ஒண்ணுதான்."

"இந்த ஒரே தடிமனுக்காகவா இத்தன ஈஸ்டருக்கு நான் ரெண்டு வாட்டி சமைச்சேன்?"

"உன் தம்பிகிட்ட சொல்லு, தடிமன் ஒண்ணா இருந்தாலும் வேகம் வேற."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, அந்த வேகம் எங்க போச்சுன்னு."

"எங்கடா போச்சு? பன்னிக்குள்ளதான்டா போச்சு! கண்ணு தெரியல உனக்கு?"

சொன்ன பிறகுதான் ஆல்வினுக்கே உறைத்தது, நேராகப் பேசிவிட்டோம் என்று. ஜெரோமும் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தான். அவள் ஒன்றும் தெரியாதவள்போல் தரையில் எதையோ தேடினாள்.

"கண்ணு தெரியுது ஆல்வின்" என்றான் ஜெரோம் மெதுவாக. அந்தப் பெயரைச் சொல்லி வெகுநாளாகியிருந்தது. "அதான் சொல்றேன். நீ சுட்டப்ப உன் குழல் மேல தூக்குச்சு."

"என் குழலா? உன் குழல் போன திக்கப் பாத்தா ஆஸ்டின்ல ஒரு மாடு செத்திருக்கும்!"

அதோடு மடை திறந்தது.

தின்ன உதவாத அந்தக் கிழப்பன்றியை இரண்டு பேருமாகக் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு வந்து மரத்தில் தூக்கித் தோலை உரித்தார்கள். தோட்டா போன வழியைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடுமாம். அந்த வழியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தோளில், லாரி டயர்போல் தடித்திருந்த தோலைக் கீறும்போது ஜெரோமின் கத்தி 'டிக்'கென்றது. உள்ளே, சதை மூடி ஆறிப்போன இடத்தில், காளான்போல் விரிந்து நசுங்கிய பழைய ஈயத்துண்டு ஒன்று.

"அன்னிக்குச் சுட்டது!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

இது வேறு பன்றி என்று சற்றுமுன் சத்தியம் செய்ததை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். அன்றைக்குப் பட்டிருக்கிறது, எனவே அன்றைக்குப் பொய் சொன்னவன் ஒருத்தன்தான். அது யார் என்பதுதான் பாக்கி.

கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் நெல்டாவின் கடைக்குக் கிளம்பினார்கள். இம்முறை பெர்னடின் நடுவில் உட்கார மறுத்து லாரியின் பின்தட்டில் ஏறிக்கொண்டாள். பெண்பன்றியை ஏற்கெனவே வெட்டித் துண்டுபோட்டு ஐஸ் பெட்டியில் அடைத்துவிட்டிருந்தாள், தனியாகவே. ஒரே தோட்டாவில் அசையாமல் விழுந்ததே என்று கேட்க இருவருக்கும் நேரமில்லை.

நெல்டா வெடிமருந்து நிறுக்கிற சின்னத் தராசில் ஈயத்துண்டை வைத்தாள். முள் ஆடி நின்றது. ஆல்வினும் ஜெரோமும், தேர்தல் முடிவு கேட்கிறவர்கள்போல், மேசைமேல் சாய்ந்தார்கள்.

"நூத்தி நாப்பத்தெட்டு கிரெய்ன்" என்றாள் நெல்டா, தோட்டாக்காரர்களின் எடைக் கணக்கில்.

"என் தோட்டா நூத்தம்பது!" என்று ஆல்வின் மேசையைத் தட்டினான். "ரெண்டு தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். முடிஞ்சுது!"

"பன்னித் தோள்ல மோதி ரெண்டுதான் தேயுமா? என் தோட்டா நூத்தெழுபது. மிச்சம் சிதறிப்போச்சு. இவ்வளவு அடி வாங்கினது அப்பாவோடதுதான்!"

இரண்டு பேரும் நெல்டாவைப் பார்த்தார்கள். நெல்டா பின்னால் நின்ற பெர்னடினைப் பார்த்தாள். பெர்னடின் தூண்டில் முள் அட்டையை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தேஞ்சாலும் இந்த எடை வரும், நெறைய சிதறினாலும் இந்த எடை வரும்" என்றாள் நெல்டா. "ரெண்டு பேர் சொல்றதும் நடக்கக்கூடியதுதான்."

இருவரும் ஜெயித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். ஜெரோம் ஆல்வினுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான், தோற்றவனுக்கு ஆறுதலாக. அதே காரணத்துக்காக ஆல்வின் அவனுக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்தான்.

இதற்குத்தானே பெர்னடின் இத்தனை வருஷமும் மெழுகுவத்தி ஏற்றினாள்? கடவுள் கேட்டார், கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். மறுநாள் காலை காபிக்கே ஜெரோம் வந்துவிட்டான். மத்தியானமும் இருந்தான். நசுங்கிய ஈயத்துண்டு சர்க்கரை ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு வாரம் இந்த வீட்டில், ஒரு வாரம் அந்த வீட்டில். வேகம், எடை, காற்று, அப்பா, குழல் தூக்கியது, தூக்காதது என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பின்வாசலில் பேச்சு ஓயவில்லை. அவளுடைய சாசேஜை வளையம் வளையமாகத் தின்றுகொண்டேதான் அதையும் பேசினார்கள். மூன்றாம் வாரம் ஆல்வின், "பெர்னி, கறி பிரமாதம். எங்க வாங்கினே?" என்று கேட்டான்.

அவள் சாசேஜ் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்ப் புல்லுக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். அங்கே கொஞ்சம் நிம்மதி கிடைக்கும் என்ற நினைப்பு. உட்கார்ந்து பார்த்தாள். பன்றி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கரையில் புதுத் தடமே காணோம். தோண்டின மண்ணில் புல் முளைக்க ஆரம்பித்திருந்தது. காது கொடுத்துக் கேட்டாள். வீட்டுப் பக்கத்திலிருந்து காற்றில் தெள்ளத் தெளிவாக வந்தது. "முந்நூத்தெட்டுன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?" "அப்பா கையில இருந்தப்ப அது..." இந்தச் சத்தத்துக்கு எந்தப் பன்றி வரும்?

கூட்டம் ஓடையைத் தாண்டிக் கோழிப்பண்ணைக்காரர் நிலத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு சேதி வந்தது. பாவம், அவர் வீட்டில் இரண்டே பேர். அவர்களும் அதிகம் பேசமாட்டார்கள்.

பெர்னடின் இரண்டாம் அறுப்பை முடித்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் டிராக்டரை ஓட்டி வந்து கொட்டிலில் நிறுத்தினாள். பின்வாசலில் இருவரும் மும்முரமாக இருந்தார்கள்.

"நாற்காலிய எடுத்துக்கிட்டு ஓடப்பக்கமாப் போய் உக்காந்து பேசுங்க" என்றாள். "காபிய அங்கயே கொண்டாந்து தரேன்."